பூனைக்கும் நாய்க்கும் மீசை எதுக்கு?

இந்த வாரம் பேசப் போற விஷயம் பார்க்க ரொம்பச் சின்னது. பூனை, நாய் முகத்துல நாலு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கிற மீசை.

இதுக்கு ஒரு முழு எபிசோடான்னு நீங்க கேட்கலாம். காரணம் இருக்கு. இப்போ நம்ம நகரங்கள்ல ஏரியாவுக்கு ஒரு பெட் க்ரூமிங் கடை வந்தாச்சு. நல்ல விஷயம்தான். நாயைக் குளிப்பாட்டறாங்க, நகம் வெட்டறாங்க, காது சுத்தம் பண்றாங்க. ஆனா சில இடங்கள்ல கடைசியா முகம் 'நீட்'டா தெரியணும்னு மீசையையும் சேர்த்து வழிச்சு விட்டுடறாங்க. வீட்டுக்கு வந்த நாயைப் பார்த்து நாமும் "பொம்மை மாதிரி இருக்கே"ன்னு போட்டோ எடுத்து ஸ்டோரி போடறோம். யாராவது கேட்டா ஒரு பதில் ரெடியா இருக்கும்: "முடிதானே, வளர்ந்துடும்."

இந்த ஒரு வரியைத்தான் இன்னைக்குப் பிரிச்சுப் பார்க்கப் போறோம். வளர்ந்துடும் என்பது உண்மை. 'முடிதானே' என்கிற இடத்துலதான் சிக்கல்.

முதல்ல, மீசைங்கிற பேரே நம்மைக் கொஞ்சம் ஏமாத்துது. மனுஷங்க மீசை வயசுக்கு வந்த பிறகு முளைக்கிறது. வச்சுக்கலாம், எடுத்துடலாம், முறுக்கி விடலாம், எல்லாம் அவங்கவங்க ஸ்டைல். பூனைக்கு அப்படி இல்லை. ஆணோ பெண்ணோ, பிறக்கும்போதே மீசை இருக்கும். பூனைக்குட்டி கண் மூடி, காது அடைச்சுத்தான் பிறக்குது. கண் திறக்க ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் ஆகும். ஆனா மீசை முதல் நாள்லயே தயார். கருவுல இருக்கும்போது உடம்புல முதல்ல உருவாகிற முடிகள்ல இதுவும் ஒண்ணு. கண்ணுக்கு முன்னாடி மீசை வேலைக்கு வந்துடுதுன்னா, அது அழகுக்கு இருக்க வாய்ப்பில்லை, இல்லையா?

அறிவியல்ல இதுக்கு 'விப்ரிஸா'ன்னு பேர். அதிர்வைக் குறிக்கிற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. தமிழில் உணர்முடின்னு சொன்னா பொருத்தமா இருக்கும். பூனையோட மேல் உதட்டுல ஒவ்வொரு பக்கமும் நாலு வரிசையில, சுமார் 12 உணர்முடிகள் இருக்கும். அதோட முடியலை. கண்ணுக்கு மேல புருவம் மாதிரி சில, கன்னத்துல சில, தாடையில சில. முன்னங்காலோட பின்பக்கம், நமக்கு மணிக்கட்டு இருக்கிற இடத்துல கூட ஒரு கொத்து இருக்கும். அடுத்த முறை உங்க பூனை மடியில வந்து படுத்தா அதோட முன்னங்காலைத் திருப்பிப் பாருங்க. நிறைய பேர் வருஷக்கணக்கா பூனை வளர்த்தும் அதைக் கவனிச்சிருக்க மாட்டாங்க. நாய்க்கும் மூக்கோட ரெண்டு பக்கம், கண்ணுக்கு மேல, கன்னத்துல, தாடைக்கு அடியில உணர்முடிகள் இருக்கு. பூனை அளவுக்கு நீளமாவும் ஒழுங்கான வரிசையாவும் இல்லாததால நம்ம கண்ணுல படறதில்லை.

இப்போ முக்கியமான கேள்வி. சாதாரண முடிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

வெளியில தெரியற பகுதியில பெரிய வித்தியாசம் இல்லை. ரெண்டுமே கெரட்டின்தான். நம்ம நகம் எதால ஆனதோ அதே பொருள். உணர்முடி கொஞ்சம் தடிமன், கொஞ்சம் விறைப்பு, நுனிக்குப் போகப் போக மெலியும். அவ்வளவுதான். வித்தியாசம் எல்லாம் தோலுக்கு அடியில. பூனையோட உணர்முடி வேர் சாதாரண முடி வேரை விட ரொம்ப ஆழமா இறங்கியிருக்கும். அந்த வேரைச் சுத்தி ரத்தம் நிரம்பின ஒரு சின்ன பை. அந்தப் பையைச் சுத்தியும் உள்ளேயும் நரம்பு முனைகள் நெருக்கமா இருக்கும். வெளியில முடியோட நுனி எதுலயாவது லேசா பட்டு வளைஞ்சா, அந்த அசைவு நெம்புகோல் மாதிரி வேர் வரைக்கும் போய் நரம்புகளைத் தூண்டும். எந்தப் பக்கம் வளைஞ்சது, எவ்வளவு வேகமா வளைஞ்சது, இன்னும் வளைஞ்சே இருக்கா, நிமிர்ந்துடுச்சா, இதெல்லாம் தனித்தனித் தகவலா மூளைக்குப் போகும்.

பார்வை இல்லாதவங்க கையில வச்சிருக்கிற வெள்ளைக் குச்சியை நினைச்சுக்கங்க. குச்சிக்கு உணர்ச்சி கிடையாது. ஆனா குச்சி நுனி ஒரு கல்லுல தட்டினா அது கல்லா, மண்ணா, படிக்கட்டா என்பது கைக்குத் தெரிஞ்சுடும். மீசையும் அதே மாதிரிதான். அதனாலதான் மீசையை வெட்டினா பூனைக்கோ நாய்க்கோ வலிக்காது. ரத்தமும் வராது. வலிக்காததாலதான் நாம அதை 'முடிதானே'ன்னு நினைச்சுடறோம். குச்சியைப் பிடுங்கிக்கிட்டாலும் கைக்கு வலிக்காதுதான். அந்த மனுஷரால ரோட்டைக் கடக்க முடியுமா என்பதுதான் கேள்வி. வெட்டறதுக்குப் பதிலா பிடுங்கினா கதை வேற. வேர்ல அத்தனை நரம்பு இருக்கிறதால நல்லா வலிக்கும். குழந்தைங்க விளையாட்டா இழுக்கிறதைப் பார்த்தா உடனே தடுத்துடுங்க.

இந்தத் தகவலுக்கு மூளை எவ்வளவு இடம் கொடுக்குதுங்கிறதை எலிகளை வச்சுக் கண்டுபிடிச்சாங்க. 1970-ல தாமஸ் வூல்சி, ஹெண்ட்ரிக் வான் டெர் லூஸ் என்கிற ரெண்டு விஞ்ஞானிகள் சுண்டெலியோட மூளைப் புறணியை நுண்ணோக்கியில பார்த்தப்போ, செல்கள் சின்னச் சின்ன பீப்பாய் மாதிரி கூட்டம் கூட்டமா அடுக்கியிருந்ததைக் கவனிச்சாங்க. முகத்துல மீசை எப்படி வரிசையா இருக்கோ, அதே வரிசையில மூளைக்குள்ள பீப்பாய்கள். ஒரு மீசைக்கு ஒரு பீப்பாய். அந்த எலியோட முகத்தை அப்படியே உள்ளே வரைபடமா வரைஞ்சு வச்ச மாதிரி! சும்மா கிடக்கிற முடிக்கு மூளை இப்படித் தனித்தனி அறை ஒதுக்கி வைக்காது.

சரி, பூனைக்குத்தான் இருட்டுலயும் நல்லா கண் தெரியுமே, அதுக்கு எதுக்கு இத்தனை ஏற்பாடு?

இங்கதான் ஒரு வேடிக்கை. பூனைக்குத் தூரத்துல ஓடற பல்லி தெரியும், மூக்குக்கு முன்னாடி கிடக்கிற தீனி சரியாத் தெரியாது. அதோட கண்ணால ரொம்பக் கிட்ட இருக்கிற பொருளை ஃபோகஸ் பண்ண முடியாது. சுமாரா ஒரு அடிக்குள்ள வந்துட்டா எல்லாம் மங்கல்தான். வீட்டுல சோதிச்சுப் பாருங்க. பூனையோட தாடைக்குக் கீழே ஒரே ஒரு உலர் தீனி உருண்டையைச் சத்தமில்லாம வைங்க. அது பார்த்து எடுக்காது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, மோந்து, மீசையாலும் உதட்டாலும் தடவித்தான் கண்டுபிடிக்கும். "என்ன இது, கண்ணு முன்னாடியே இருக்கு தெரியலையா"ன்னு நாம சிரிப்போம். உண்மையிலேயே அதுக்குத் தெரியலை.

இப்போ இதை வேட்டையில வச்சுப் பாருங்க. எலி மேல பாயற வரைக்கும் கண்ணும் காதும் வழிகாட்டும். வாயில கவ்வுற அந்த நொடியில எலி பூனையோட மங்கல் எல்லைக்குள்ள வந்துடுது. அந்த நேரத்துல மீசை முழுக்க முன்னாடி வந்து, வலை மாதிரி இரையைச் சுத்தி நிற்கும். எலி எங்கே இருக்கு, எந்தப் பக்கம் நெளியுது, கழுத்து எங்கே, எல்லாத்தையும் மீசைதான் சொல்லும். கண் விட்ட இடத்துல மீசை வேலையை எடுத்துக்குது.

நாய்க்கும் கிட்டத்தட்ட இதே பிரச்சினை. நீளமான மூக்குக்கு நேர் அடியில என்ன இருக்குன்னு அதால பார்க்க முடியாது. தட்டுல வாயை வைக்கும்போதும், பைக்குக்கு அடியில மூஞ்சியை நுழைக்கும்போதும், புதருக்குள்ள தலையை விடும்போதும் கன்னத்துலயும் தாடைக்கு அடியிலயும் இருக்கிற அந்த முடிகள்தான் முதல்ல போய்த் தொட்டுப் பார்க்கும். கண்ணுக்கு மேல இருக்கிற முடியில ஒரு முள்ளோ குச்சியோ பட்டா, கண் தானா மூடிக்கும். உங்க நாயோட புருவ முடியை விரல் நுனியால ரொம்ப மெதுவா தொட்டுப் பாருங்க, அந்தப் பக்கத்துக் கண்ணைச் சிமிட்டும். கண்ணுக்கு அது ஒரு காவல்.

பூனை சந்துக்குள்ள நுழையறதையும் சொல்லணும். பூனையோட காறை எலும்பு நம்முடையது மாதிரி தோளோட இறுக்கமா சேர்ந்திருக்காது, தசைக்குள்ள மிதந்துக்கிட்டு இருக்கும். அதனால தலை போகிற இடத்துல உடம்பையும் குறுக்கி நுழைச்சுடும். தலை போகுமா போகாதாங்கிறதை இருட்டுல முதல்ல தெரிஞ்சுக்கிறது மீசை. கேட் கம்பிக்கு நடுவுல ஒரு நொடி நின்னு, அப்புறம் வழுக்கிக்கிட்டுப் போகுமே, அந்த ஒரு நொடியில மீசையும் வேலை பார்க்குது. ஆனா ஒரு எச்சரிக்கை. பூனை குண்டானா மீசையும் கூடவே நீளும்னு நம்பாதீங்க. தீனி அதிகமாப் போட்டா வயிறு மட்டும்தான் வளரும்.

தொட்டாத்தான் மீசைக்குத் தெரியும்னும் இல்லை. 2001-ல வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வுல, கடல்நாய்களுக்குக் கண்ணைக் கட்டி, காதையும் அடைச்சு விட்டாங்க. முன்னாடி போன ஒரு குட்டி நீர்மூழ்கி தண்ணியில விட்டுட்டுப் போன கலக்கத்தை மட்டும் மீசையால பிடிச்சு, அது போன பாதையிலயே கடல்நாய்கள் பின்தொடர்ந்து போச்சு. மீசையை மூடினதும் வழியைத் தொலைச்சுடுச்சு. 2016-ல அமெரிக்காவுல நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல எலிகளை வச்சு, காற்று எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கவும் மீசை உதவுதுன்னு காட்டினாங்க. நம்ம வீட்டு நாய் கடல்நாய் மாதிரி வேட்டையாடாதுதான். ஆனா அதே வகை உறுப்புதான் அது முகத்துலயும் இருக்கு.

நமக்கு ஏன் இது புரியறதில்லைன்னா, நம்மகிட்ட அது இல்லை. பெரும்பாலான பாலூட்டிகளுக்கு உணர்முடி உண்டு, சிம்பன்ஸிக்கும் உண்டு. மனுஷ இனம் அதைத் தொலைச்சுடுச்சு. 2011-ல 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு ஒண்ணு, மீசை வளர்றதோட தொடர்புள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு மனுஷங்ககிட்ட மட்டும் காணாமப் போயிருக்குன்னு சொன்னது. நமக்கு விரல் நுனி இருக்கு. கரண்ட் போனா சுவரைக் கையால தடவிக்கிட்டே ஸ்விட்ச் கிட்ட போயிடறோம். நாலு காலையும் தரையில ஊன்றி நடக்கிற பிராணிக்கு அந்த வசதி ஏது? அதுக்குத் தடவிப் பார்க்க இருக்கிறது முகம்தான்.

இதை வச்சு இன்னொரு பக்கம் ஒரு வியாபாரமும் நடக்குது. 'விஸ்கர் ஃபடீக்', அதாவது மீசைக் களைப்பு. குழிவான கிண்ணத்துல சாப்பிட்டா மீசை ஓரத்துல உரசி உரசிப் பூனை சோர்ந்து போயிடும், அதனால இந்தத் தட்டையான ஸ்பெஷல் தட்டை வாங்குங்கன்னு ஆன்லைன்ல விளம்பரம் வரும். கூழும் குடிக்கணும், மீசையிலும் ஒட்டக்கூடாதுன்னு நம்ம ஊர்ல சொல்ற கதைதான்! 2021-ல ஒரு பூனை மருத்துவ இதழில் இதைச் சோதிச்ச ஆய்வு வந்தது. 38 பூனைகள். சாதாரண கிண்ணத்துலயும் 'மீசைக்கு ஏத்த' தட்டுலயும் சாப்பிட வச்சுப் பார்த்தாங்க. சாப்பிட்ட அளவுலயோ நேரத்துலயோ சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதனால அகலமான தட்டு வைக்கிறதுல தப்பில்லை. வீட்டுல இருக்கிற பழைய சாஸரே போதும். பூனை திடீர்னு சாப்பிடறதை நிறுத்தினா மட்டும் கிண்ணத்தை மாத்திப் பார்த்துக்கிட்டு நாளைக் கடத்தாதீங்க. பல்லுல வலியா, வேற நோயான்னு டாக்டர் பார்க்கணும்.

இப்போ க்ரூமிங் விஷயத்துக்கு வரேன். மீசையை வழிச்சா நாய் செத்துடாது. சில வாரங்கள்ல, சில சமயம் ரெண்டு மூணு மாசத்துல, திரும்ப வளர்ந்துடும். இயல்பாவே ஒண்ணு ரெண்டு உதிர்ந்து முளைக்கிறதும் உண்டு. சோபாவுல ஒத்த மீசை கிடந்தா பயப்பட வேண்டாம். ஆனா எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்துடறது வேற. இளம் நாய் சமாளிச்சுடும். கண்புரை வந்த பன்னிரண்டு வயசு நாயை நினைச்சுப் பாருங்க. ஏற்கனவே பார்வை மங்கல், காது மந்தம். நாற்காலிக் கால் எங்கே, கதவு எங்கேன்னு அது முகத்தால தடவித்தான் நடந்துக்கிட்டு இருக்கு. அதுக்கிட்ட இருந்து நாம எதை எடுக்கறோம், எதுக்காக எடுக்கறோம்? ஒரு போட்டோவுக்காக.

குதிரைகள் விஷயத்துல இதை உலகம் ஏத்துக்கிட்டு வருது. போட்டிக் குதிரைகளோட முகத்தை வழவழன்னு காட்ட மீசையை வழிக்கிறது ரொம்ப காலமா பழக்கம். 2021 ஜூலை 1 முதல், உணர்முடியை வெட்டின குதிரை போட்டியில கலந்துக்கக் கூடாதுன்னு சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு விதி கொண்டு வந்துடுச்சு. மருத்துவக் காரணத்துக்காக கால்நடை மருத்துவர் எடுத்திருந்தா மட்டும் விலக்கு. வீட்டு நாய்க்கு அப்படி ஒரு கூட்டமைப்பு வந்து நிற்காது. நாமதான் சொல்லணும்.

எப்படிச் சொல்றது? ஷிட்ஸு, பூடில் மாதிரி முகம் முழுக்க முடி இருக்கிற நாய்களுக்குக் கண்ணை மறைக்கிற முடியை வெட்டியே ஆகணும், இல்லைன்னா கண்ணுல புண் வரும். அதை வேண்டாம்னு சொல்ல வேண்டாம். கடையில விடும்போதே, "முகத்தை ட்ரிம் பண்ணுங்க, ஆனா மூக்கு ஓரத்துல, தாடையில, புருவத்துல இருக்கிற தடிச்ச முடியை விட்டுடுங்க"ன்னு தெளிவாச் சொல்லுங்க. மத்த முடியை விட விறைப்பா, தனியா நீட்டிக்கிட்டு இருக்கிறதால கவனிச்சா அடையாளம் தெரியும். மெஷினுக்குப் பதிலா அந்த இடத்துல கத்தரிக்கோல் போட்டா சுலபம். விஷயம் தெரிஞ்ச க்ரூமர் சந்தோஷமா கேட்டுக்குவார். ஏன்னு கேட்டா இந்த எபிசோடைப் போட்டுக் காட்டுங்க.

கடைசியா ஒண்ணு. மீசை பிராணிக்கு மட்டும் சேதி சொல்றதில்லை, நமக்கும் சொல்லுது. பூனை நிம்மதியா இருந்தா மீசை பக்கவாட்டுல, லேசா வளைஞ்சு, தளர்வா இருக்கும். ஏதாவது ஆர்வமா கவனிச்சா முன்னாடி வரும். பயந்தா கன்னத்தோட ஒட்டிக்கும். வலி இருந்தா?

பூனை வலியை மறைக்கிறதுல கெட்டிக்காரப் பிராணி. கத்தாது, அழாது, போய் ஒரு மூலையில உட்காரும். நாமளும் தூங்குதுன்னு விட்டுடுவோம். 2019-ல மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனையோட முகத்தைப் பார்த்தே வலியை மதிப்பிட ஒரு அளவுகோல் உருவாக்கினாங்க. அஞ்சு விஷயம் பார்க்கணும்: காது, கண், மூக்கு-வாய்ப் பகுதி, மீசை, தலை இருக்கிற நிலை. ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2-ன்னு மதிப்பெண். மொத்தம் 10. நாலோ அதுக்கு மேலயோ வந்தா வலி நிவாரணம் தேவைப்படலாம். வலி இருக்கிற பூனையோட மீசை வளைவை இழந்து, நேரா விறைச்சு, முன்பக்கம் நீட்டி நிற்கும். ஆர்வத்துலயும் மீசை முன்னாடி வரும்னு இப்பதானே சொன்னேன்? அதனாலதான் மீசையை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. கூடவே கண் இடுங்கியிருக்கா, காது விலகிப் படிஞ்சிருக்கா, தலை தோளுக்குக் கீழே தொங்குதான்னு சேர்த்துப் பார்க்கணும். தூங்கும்போதும், சாப்பிடும்போதும், உடம்பை நக்கிக்கும்போதும் பார்த்தா கணக்கு தப்பாயிடும். சந்தேகம் வந்தா டாக்டர்கிட்ட போங்க. வீட்டுல இருக்கிற பாரசிட்டமாலை மட்டும் கொடுத்துடாதீங்க. பூனைக்கு அது விஷம், உயிரே போகலாம்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்க பூனையோ நாயோ சாப்பிட்டு முடிச்சு, எந்தக் கவலையும் இல்லாம முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும்போது, முகத்துக்கு நேரா ஒரு தெளிவான போட்டோ எடுத்து வச்சுக்கங்க. ஸ்டோரிக்கு இல்லை, உங்களுக்கு. நல்லா இருக்கும்போது அதோட மீசை எப்படி நிற்கும்னு தெரிஞ்சாத்தான், ஒரு நாள் அது வேற மாதிரி நிற்கும்போது உங்களுக்குப் புரியும்.